இராசம்மா வீட்டுக்கு வந்த கதிரைகள்

நிருபர் வேலையில் எழுதுவது சுலபம். எழுதியது யாரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் பெரும்பாடு. கைபேசியில் ஒன்றைப் போட்டுவிட்டுத் தவிக்கும் உங்களுக்கும் இப்போது அந்தப் பாடு புரிந்திருக்கும்.

உள்பக்கம்

ஈச்சிலம்பற்று இராசம்மா அக்காவின் மகன் சுதன், போர்க்காலத்தில் விசாரணைக்கென்று வீட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவன். திரும்பி வரவில்லை. அவன் படத்தோடு அக்கா பஸ் ஏறித் திருகோணமலைக்கு வந்து, காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு துறைமுக வீதியோரம் உட்காருவார். நான் செய்தி அனுப்புவேன். அது உள்பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே வரும்.

ஒருநாள் பேப்பரை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, பிள்ளையத் தேடுற செய்தியையும் நான்தான் தேட வேணுமோ?"

வெயில்

பிறகு ரிஸ்னா வந்தாள். கிண்ணியாவில் ரியூசன் வகுப்பு எடுக்கும் பிள்ளை. கைபேசியைத் தூக்கிப் பிடித்து நேரலையில் அக்காவைப் பேசவிட்டாள். லண்டனிலும் கனடாவிலும் இருந்தவர்கள் அந்த நேரமே பார்த்து அழுதார்கள். வேறு மாவட்டத்துத் தாய்மாரும் தங்கள் படங்களோடு வீதிக்கு வந்தார்கள். நான் இத்தனை வருடம் எழுதி இது நடக்கவில்லை.

எதிரே வேப்பமரத்தடியில் எங்களை வேவு பார்க்க நிற்கும் சிவில் உடைக்காரரை மட்டும் காணவில்லை. பிறகு தேநீர்க் கடையில் கண்டேன். சிரித்தபடி சொன்னார்: "இனி நாங்க வெயில்ல காயத் தேவையில்ல ஐயா. எல்லாத்தையும் நீங்களே போட்டு விடுறீங்கதானே."

கதிரைகள்

வெளிநாட்டிலிருந்த ஒரு நல்ல மனிதர், ரிஸ்னாவின் வீடியோவிலிருந்து சுதனின் படத்தைப் பிரித்தெடுத்து, மாலை போட்டு, எரியும் விளக்கொன்றை வைத்து, 'நீதி வேண்டும்' என்று எழுதிப் பகிர்ந்தார். எங்கள் பக்கம் மாலையும் விளக்குமாய்ப் படம் வந்தால் யாரும் எழுத்தை வாசிப்பதில்லை. சாவு அறிவித்தல் இப்போது அப்படித்தான் வருகிறது.

அக்கா பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் ஆட்கள் உட்கார ஊர்ச் சங்கத்துக் கதிரைகள் வரிசையாய் நின்றன. குசினியில் யாரோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெருகலிலிருந்து வந்திருந்த மைத்துனி கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கினார். அக்கா அவர் கையை விலக்கிவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "எழும்புங்கோ. இது செத்தவீடில்ல."

சான்றிதழ்

ரிஸ்னா கேட்டதும் அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுப் படத்தை அழித்தார். ஆனால் அதற்குள் அது யார் யாருடைய கைபேசிகளிலோ போய் உட்கார்ந்துவிட்டது.

இழப்பீட்டுக்காக மகனின் மரணச் சான்றிதழை வாங்கும்படி அரச அலுவலகத்தார் அக்காவை வெகுகாலமாக நெருக்கி வந்தார்கள். வாங்கினால் தேடல் அதோடு முடிந்துவிடும் என்று அவர் மறுத்துவந்தார். அடுத்த வாரமே ஒரு அலுவலர் வீடு தேடிப் போனார். குரலில் இரக்கம்கூட இருந்ததாம்: "அம்மா, நீங்களே விளக்கு வைச்சிட்டீங்க. இனி வாங்கிறதுக்கென்ன?"

திரும்பவும்

அதன்பின் அக்கா கொஞ்ச நாள் வரவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். ஒரு காலை அதே படத்தோடு வந்து உட்கார்ந்தார். ரிஸ்னா கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அழுத முகத்தோடு தள்ளியே நின்றாள்.

அக்கா கையைக் காட்டிக் கூப்பிட்டார்: "ஏன் புள்ள ஒளிக்கிறாய்? எடு. நான் கதைக்கிறதையும் சேர்த்து எடு. தாய் கத்திக்கொண்டு நிண்டா ஆராலயும் விளக்கு வைக்க ஏலாது."

சுதனின் படம் நான் கால்வைக்காத நாடுகளுக்கெல்லாம் போய்விட்டது. சுதன் எங்கே என்பதை மட்டும் எந்த நாட்டிலிருந்தும் யாரும் இன்னும் பகிரவில்லை.