யானைக்குப் பின்னால் நடந்தவர்

ரெங்கமன்னார் அண்ணன் தவறிவிட்டார் என்ற செய்தி, முதல் ஷிப்ட் முடிகிற சமயத்தில் மில்லுக்குப் போனில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவருடைய கூடப்பிறந்த அண்ணன்தான் பேசினார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது, மில்லில் கூட வேலை பார்க்கிற உங்களில் பாதிப் பேர் முன்பே வந்திருந்தீர்கள். யாரோ அந்தப் பழைய கேலியை மெல்லச் சொல்ல, அழுகைக்கு நடுவிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்: ஆப்பிரிக்கா வரைக்கும் போய், யானைமேல் ஏறப் பயந்து கீழே நடந்த மனுஷன். அந்தக் கேலியைக் கிளப்பிவிட்டவன் நான். அது பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மில்லில் அவர் ஹெட் ஃபிட்டர், நான் அவருக்குக் கீழே ஃபிட்டர். நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷினைப் பூட்டும்போது, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தில் குமிழி ஒரு மயிரிழை விலகினாலும் மொத்தத்தையும் பிரிக்கச் சொல்வார். எனக்குப் பொறுமை கிடையாது. ஓடத்தானே போகிறது, விடுங்கள் என்பேன். “ஓடும்லே. நாம வீட்டுக்குப் போன பொறவு மக்கர் பண்ணும்” என்பார். திட்டிக்கொண்டே பிரிப்பேன்.

ஏழு வருஷத்துக்கு முன்பு, ஜிம்பாப்வேயில் ஒரு நூல் மில்லுக்கு மெஷின் பூட்டிக் கொடுக்க எங்கள் இருவரையும் நான்கு மாதத்துக்கு அனுப்பினார்கள். போய் ஒரு மாதத்தில் அவர் மனைவி கோதை மதினியின் கடிதம் வந்தது. முழுகாமல் இருக்கிறாராம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவர்கள் பார்க்காத டாக்டர் இல்லை. அண்ணன் அந்தக் கடிதத்தைச் சாப்பிடும்போது எடுத்துப் படித்தார், படுக்கும்போது எடுத்துப் படித்தார். மறுநாளிலிருந்து சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணவன் முடி எடுப்பதில்லை, பிணம் தூக்குவதில்லை, மலை ஏறுவதில்லை. அவர் வீட்டில் அதெல்லாம் கறார். அந்த ஊர் மில்லில் எல்லோரும் இவர் தாடியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பாதி வேலை முடிந்ததும் அங்கிருந்த மேனேஜர் சந்தோஷப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரர்கள் விமானம் பிடித்து வந்து ஏறுகிற யானைச் சவாரி. மர மேடையில் ஏறி, அங்கிருந்து யானையின் முதுகில் காலைப் போட்டு உட்கார வேண்டும். நம் கோயில் யானையைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. நான் ஏறிவிட்டேன். அண்ணன் மேடைப்படியில் காலே வைக்கவில்லை.

“மலை ஏறக்கூடாதுன்னு இருக்கு. இது எம்புட்டு உயரம் பாத்தியா? நான் வரலலே.”

மலையைச் சொன்னவர்கள் யானையைச் சொல்லவில்லையே என்றேன். நம்மூரில் பாகனைத் தவிர எவன் யானைமேல் ஏறினான், தனியாகச் சொல்லி வைக்க, என்றார். கடலையே தாண்டி வந்துவிட்டு இது என்ன பெரிய விஷயம் என்றேன். “அது வயித்துப்பாடு. இது வேடிக்கை” என்றார். மேனேஜரின் முகம் சுண்டிப்போனது. நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், பட்டிக்காட்டான் என்றுகூட ஏசினேன். மனுஷன் அசையவில்லை. துப்பாக்கி வைத்திருந்த காவலரோடு சேர்ந்து எங்கள் யானைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் வெயிலில் நடந்தே வந்தார்.

பத்து நாள் கழித்து அவருடைய அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. கரு கலைந்துவிட்டது. தேதியைப் பார்த்தேன், நாங்கள் காட்டுக்குப் போவதற்கு ஐந்து நாள் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு யார்மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது. இல்லாத பிள்ளைக்காகவா அந்த வெயிலில் நடந்தீர்கள் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவர் சவரம் செய்ய உட்கார்ந்திருந்தார். முகத்தில் சோப்பு நுரையோடு என் பக்கம் திரும்பினார்.

“ஏறியிருந்தேன்னு வச்சுக்கோ. தேதியெல்லாம் மனசு பாக்காதுலே. நாந்தான் கொன்னேன்னு சாகுத மட்டும் நெனப்பேன். இப்ப அழுகை மட்டுந்தான் இருக்கு.”

ஊர் திரும்பியதும், யானைமேல் நான் இருக்கிற போட்டோவில் அண்ணன் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்டீர்கள். மதினியின் விஷயம் ஊர்வாயில் விழக்கூடாதே என்றுதான், அவர் பயந்துவிட்டார் என்று ஒரு பொய்யை அடித்துவிட்டேன். அவரும் மறுக்கவில்லை. ஏழு வருஷம் அந்தக் கேலியைச் சிரித்தபடியே வாங்கிக்கொண்டார். அவர்களுக்கு அதற்குப் பிறகும் பிள்ளை இல்லை.

அவருடையது என்று நான் வைத்திருப்பது, யானைமேல் ஏற மாட்டேன் என்ற அந்த மறுப்பு ஒன்றைத்தான். அன்று என் நச்சரிப்புக்கு இணங்கி அவர் ஏறியிருந்தால், கடிதம் வந்த பிறகு எந்த முகத்தோடு நான் அவர் பக்கத்தில் நின்று ஸ்பானர் பிடித்திருப்பேன்? உன்மேல் தப்பில்லை என்று அவர் சொல்லியிருப்பார். நம்பியதுபோல நானும் நடித்திருப்பேன். அப்படி எதுவும் இல்லாமல், ஏழு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் பேச்சைக் கேட்காமல் போனதற்கு நான் அவருக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை.