சப்பாத்துப் பாலத்தில் தண்ணீர்

என்னைவிடப் பெரிய மடையன் புத்தளம் மாவட்டத்தில் இல்லை. இதை என் மனைவி பல தடவை சொல்லியிருக்கிறாள். நான்தான் தாமதமாக ஒத்துக்கொள்கிறேன்.

வண்ணாத்திவில்லுத் தேநீர்க்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பழைய மன்னார் வீதியால் போகிறவர்கள் காட்டுக்குள் நுழையுமுன் அங்கேதான் நிற்பார்கள். வேனில் வந்த ஒருவர் நின்றபடியே பிளேன்டீ குடித்துக்கொண்டு, "தம்பி, சப்பாத்துப் பாலத்தால போகலாமா?" என்று கேட்டார்.

"மேலால தண்ணி போகுது நானா. நேத்து ரெண்டு முதலையும் போச்சு" என்றேன், சிரிக்காமல்.

மழைக்கு ஆறு மேலேறிப் பாயும் அந்தத் தாழ்வான பாலம் அன்று காய்ந்துதான் கிடந்தது. அவர் முகம் மாறுவதைக் கொஞ்சம் ரசித்துவிட்டு உண்மையைச் சொல்ல இருந்தேன். அதற்குள் புத்தளம் பஸ் வந்துவிட்டது, ஓடி ஏறிவிட்டேன்.

சிறிது தூரத்தில் அதே வேன் எங்களை முந்தியது. காட்டு வழியை விட்டு, அநுராதபுரத்தால் பல மணி நேரம் சுற்றிப் போகத் திரும்பிவிட்டார்கள்! ஜன்னலால் கைகாட்டிக் கத்தினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து அவரும் கையசைத்தார்.

கடையில் என்னோடு ஏறிய அம்மா ஒருவர் சொன்னார்: "பாவம், அவர்ட உம்மா மௌத்தாம். சிலாவத்துறையில பின்னேரம் அஸர் தொழுகையோட அடக்கமாம். முகம் பாக்க ஓடுறாங்க."

இப்போது யார் வழி கேட்டாலும் வழியை மட்டுமே சொல்கிறேன்.

அன்றிலிருந்து மூன்று நாள் அந்தக் கடையிலேயே காத்திருந்து, திரும்பி வந்த வேனை மறித்தேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உம்மாட முகம் பாக்கக் கிடைச்சதா நானா?"

"மண்ணத்தான் பாத்தேன்."