நசீமா யாரிடமும் சொல்லவில்லை

செவ்வாய்க்கிழமை காலை குழாயடியில் குடத்தோடு நின்றபோது மேல்வீட்டு லட்சுமம்மா சொன்னாள், நசீமா போய்விட்டாள் என்று. நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டதாம். "எந்த நசீமா?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாமலா? ஐந்து வருடமாக அந்தப் பெயரைச் சொல்லாமலே இருந்து வாய் பழகிவிட்டது.

நம் லைன் வீடுகளில் அவளை அறியாதவர் யார்? ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாதம் ஒருமுறை தோளில் பையோடு வந்து, பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். காவேரிப்பட்டினத்துக்காரி. கல்யாணமாகி ஓசூர் வந்தவள். கன்னடக்காரரிடம் கன்னடம் பேசுவாள், தெலுங்குக்காரரிடம் தெலுங்கு பேசுவாள். எனக்கும் பிரஷர், உப்பு ஆகாது; ஊறுகாய் ஜாடியை நான் எங்கே ஒளித்தாலும் வாசனை பிடித்துக் கண்டுபிடிப்பாள். "ஆயா, நீ ஊறுகாய்க்குச் சோறு தொட்டுக்கற ஆளு" என்பாள்.

சண்டை வந்தது என் மகன் முருகேசனால். அவனுக்குக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கல் பார்த்துத்தான் கேட் பாஸ் புதுப்பிப்பார்கள். அந்த முறை பிரஷர் நூற்று எண்பது. வேறு எங்காவது பார்த்து நல்ல நம்பராக ஒரு வாரத்தில் எழுதி வாங்கி வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நசீமா பார்த்தபோதும் அதே நம்பர்தான் வந்தது; குறைத்து எழுதித் தரச் சொல்லி அவளிடம் நான்தான் கெஞ்சினேன்.

"பேனாவுல கொறச்சிடலாம் ஆயா, அவரு ஒடம்புல கொறையாது. தெனம் மாத்திரை போடச் சொல்லு. ஒரு மாசத்துல நானே நல்ல நம்பரா எழுதித் தரேன்."

ஒரு மாதம் காண்ட்ராக்டர் காத்திருப்பானா? அன்றோடு அவளிடம் பேச்சை விட்டேன்.

வீட்டில் என்னுடைய பிரஷர் மாத்திரை இருந்தது. நாலு நாள் காலையும் மாலையும் இதைப் போடு, நம்பர் இறங்கும், சீட்டு கைக்கு வந்ததும் நிறுத்திக்கொள் என்று முருகேசனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இறங்கியது. ஒரு கிளினிக்கில் சீட்டு வாங்கினான். அவளை ஜெயித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. அதன் பிறகு மெடிக்கல் வரும்போதெல்லாம் அதே வழிதான். இடையில் ஒரு நாளும் அவன் மாத்திரை தொடவில்லை, நானும் தொடச் சொல்லவில்லை. தலை கனக்கிறது என்பான். ஷிப்ட் அலுப்பு என்பேன்.

நாலாவது முறை பாஸ் வாங்கிய மூன்றாம் வாரம் மெஷின் பக்கத்திலேயே விழுந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாற்பத்து மூன்று வயது.

காரியத்தன்று நசீமா வந்தாள். "நீ பாத்துச் சொன்ன நம்பருதான் எம்புள்ளயத் தூக்கிட்டுப் போச்சு" என்றேன். உங்களில் பல பேர் அங்கே இருந்தீர்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பேச்சு நின்ற பிறகும் எனக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்தவள் அவள். மெடிக்கல் வரும் மாதத்தில் அது முன்னாலேயே தீர்ந்துவிடும். ஒருமுறை ஏன் என்று கேட்டாள். எலி இழுத்துப் போனதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"எலிக்கும் பிரஷரா ஆயா? சரி, அந்த எலியத் தெனம் போடச் சொல்லு. அதுக்குத் தனியா அட்டை தரேன்."

நான் கதவைச் சாத்தினேன். காரியத்தன்று அவ்வளவு பேர் முன்னால் அவள் அந்த எலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் குட்டு உடைந்திருக்கும். சொல்லவில்லை.

மருமகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேப்பனப்பள்ளிக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு என்னைத் தொட்ட மனுஷி நசீமா ஒருத்திதான், அதுவும் மாதத்தில் ஒரு நாள். பட்டையைச் சுற்றிக் காற்று ஏறி இறங்கும் வரை என் கையைப் பிடித்திருப்பாள். அப்போதும் நான் பேச மாட்டேன். அவளே பேசுவாள். "எங்கப்பா, எங்கக்கா ரெண்டு பேருமே நாப்பதத் தாண்டல ஆயா. நான் தெனம் மாத்திரை போடறேன், எனக்கு அம்பத்தொண்ணு ஆவுது, பாரு."

இப்போது குழாயடியில் வேறு பேச்சு. மாத்திரை போட்டவளே போய்விட்டாள், நமக்கு எதற்கு என்கிறார்கள். லட்சுமம்மாவின் வீட்டுக்காரர் முந்தாநாளே நிறுத்திவிட்டாராம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், தெருவில் எல்லாரும் கூடும்போது படிக்கச் சொல்லி இதை எழுதுவது அதற்காகத்தான். அப்பனும் அக்காளும் தாண்டாத வயதை நசீமா தாண்டி, அதற்கு மேல் பதினொரு வருடம் நம் வாசல்களுக்கு வந்தாள். என் மகன் அவள் சொன்ன நம்பரால் சாகவில்லை. நான் சொல்லிக் கொடுத்த வழியால் செத்தான்.

இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். கேட்க அவள் இல்லை. அவள் எனக்கு விட்டுப் போனது, அன்று எல்லார் முன்னாலும் அவள் வாயைத் திறக்காமல் காப்பாற்றிய என் மானம். இத்தனை நாள் அதை நான் வைத்திருந்தேன். இன்று உங்கள் முன்னால் இறக்கி வைக்கிறேன்.