பகவதியின் நெற்றி

அம்மா போன பிறகு எங்கள் ஸ்ரீவராகத்து வீட்டில் பூஜை அறைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. பிளாட்டில் இருக்கும் தம்பி வந்து அண்ணாந்து பார்த்தான். பிறகு பகவதி படத்தைப் பார்த்தான்.

"அண்ணா, இது பழைய ஆயில் பெயிண்டிங். நல்ல விலை வந்தா குடுத்துட்டுக் கூரையை மாத்திடலாமே."

கையில் தீபத்தோடு நிற்கிற தேவி. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து கும்பிடுகிற படம். விற்பதாவது! ஆனால் வீட்டில் அவனுக்கும் பாதி உண்டு. "சும்மா மதிப்புப் போட்டுப் பாக்கலாம்" என்றான். சரி என்றேன். அப்போதே மனசில் சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டது.

மதிப்புப் போட வந்தவர் வயதான மலையாளி. செருப்பை வாசலிலேயே கழற்றினார். அதுகூட எனக்கு நடிப்பாகப் பட்டது. தேவியின் முகத்தைப் பார்க்காமல், படத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். பகவதியைப் பின்பக்கமாகவா ஒருவன் தரிசிப்பான்?

"சுவாமி, ரெண்டு நாள் கொண்டுபோயி நோக்கட்டே?"

சாலைக் கடைத்தெருவில் கேட்ட கதை ஞாபகம் வந்தது. துடைத்துத் தருகிறேன் என்று பழைய படத்தை வாங்கிப் போனவன் வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டினானாம்.

"இங்கேயே பாருங்கோ" என்றேன். காபிக்குக்கூட நகரவில்லை. மனைவிதான் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் பக்கவாட்டில் டார்ச் அடித்தார். தேவியின் தோளுக்குப் பின்னால், விளக்குக் கரிக்கு அடியில், இறகு இறகாக ஏதோ தெரிந்தது.

"கண்டோ? சிறகு. இது தேவியல்ல கேட்டோ. நம்பிக்கைங்கிற குணத்தை ஒரு பெண்ணா வரைஞ்சிருக்கு. பத்தொம்பதாம் நூற்றாண்டு தீருந்ந சமயம், சீமைப் பாணி."

தேவி இல்லை என்றால் சுலபமாகக் கொடுத்துவிடுவேன் என்று அவர் கணக்கு. தம்பியைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்தான். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

"சிறகு இருந்தா என்ன, நம்மாத்துக்கு வந்தவதானே" என்றாள் மனைவி.

நெற்றிக் குங்குமத்தைக் கொஞ்சம் எடுக்கட்டுமா என்று அவர் அனுமதி கேட்டார். வெள்ளிக்கிழமைதோறும் வைத்த பொட்டு அடையாக ஏறியிருந்தது. ஒருகாலத்தில் படத்துக்குக் கண்ணாடி இருந்தது. அது உடைந்தபோது வேறு போட அம்மா சம்மதிக்கவில்லை. "கண்ணாடிக்கு வச்சா அவளுக்கு எப்படிடா போய்ச் சேரும்?" என்பாள்.

ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தார். குங்குமம் வந்தது. அதோடு நெற்றியும் வந்துவிட்டது. அடியில் வெறும் துணியின் இழைகள்.

"குங்குமத்துல சுண்ணாம்பு உண்டல்லோ. சாயத்தைத் தின்னுபோச்சு. முகம் போன படத்தை ஆரும் வாங்கமாட்டா, சுவாமி."

தம்பி முகம் விழுந்துவிட்டது. என்னை ஓரமாக இழுத்தான். "அண்ணா, நெஜத்தைச் சொல்லு. முன்னாடியே அவர்ட்ட பேசி வச்சியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசல் வரை போன மனிதர், மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். "ஒரு நுள்ளு குங்குமம் தருமோ?" எதற்கு, சோதனை செய்து பார்க்கவா என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவர் கண்ணை மூடி நெற்றியில் இட்டுக்கொண்டார்.

கூரைக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறோம். நெற்றி போன இடத்தைச் சந்தனத்தால் மூடி, அதன் மேல்தான் இப்போது பொட்டு வைக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் சிறகு தெரிவதில்லை. டார்ச்சில் ஏதாவது வித்தை காட்டினாரோ என்று இன்னும் ஒரு சந்தேகம். இருந்தாலும், சிறகுள்ளவள் என்றாரே, பூஜை முடிந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.