சாமந்தி சுற்றிய ஸ்க்ரூ டிரைவர்

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் மோட்டார் கடை. கிணற்று மோட்டார் புகைந்து நின்றுவிட்டால் விவசாயிகள் வண்டியில் ஏற்றிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். எரிந்துபோன செம்புக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, மறுபடி ஓடவைத்து அனுப்புவோம். போர் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே இழுக்கிற வெளிவேலை வீட்டுக்காரருடையது. கடைக்குள் உட்கார்ந்து பிரிப்பது, கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டுவது, மூடுவது எல்லாம் என்னுடையது. கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. "காயில் கட்டுற அம்மா கடை" என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே கை காட்டிவிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதை எதற்கு ஒளிக்க வேண்டும்?

அந்தக் கையைத்தான் முடக்குவாதம் வந்து பிடித்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டு, காலையில் எழுந்தால் கை மூடாது. வெந்நீரில் ஊறப்போட்டால்தான் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியும். காஞ்சிபுரத்து டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலி அடங்கியது, பிடி மட்டும் திரும்பி வரவில்லை. "கையை சும்மா போட்டு வைக்காதீங்கம்மா. ஆனா மூட்டை நெரிக்கிற வேலை வேண்டாம்" என்றார் அவர். திரும்பின பக்கமெல்லாம் நட்டும் போல்ட்டுமாகக் கிடக்கிற கடையில் மூட்டை நெரிக்காமல் வேறு என்னத்தைச் செய்வது?

ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் எங்கேயோ ஏரிக்கரைப் பக்கம் போர் போட்ட இடத்தில் நின்றுகொண்டிருப்பார். எதிரே இருக்கிற டீக்கடைக்காரரைக் கூப்பிட்டால் பாலைப் பொங்கவிட்டுவிட்டு ஓடிவருவார், பாவம். திருகிக் கொடுத்துவிட்டு, "வேற எதுனா செய்யணுமாம்மா?" என்று தன்மையாகக் கேட்பார். அந்தத் தன்மைதான் எனக்கு வயிற்றெரிச்சல். வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

வாலாஜாபாத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற என் தம்பி ஒரு நாள் வந்தான். கடையை மேலும் கீழும் பார்த்தான்.

"அக்கா, நீ பட்ற அவஸ்தய பாக்க முடில. தை பொறந்ததும் கடைய எங்கிட்ட குட்துடு. இங்க ஒரு பிராஞ்சு போட்டுக்கறேன். நீ வூட்ல நிம்மதியா குந்திக்கினு டிவி பாரு."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பேன். பாசத்தில் சொன்னான், பக்கத்தில் என் வீட்டுக்காரர் மண்டையை வேறு ஆட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"தை வரிக்கும் பொறுடா. அதுக்குள்ள ஒரு அஞ்சு ஹெச்பி மோட்டார, இன்னொருத்தர் கை படாம, நானே பிரிச்சி, காயில் கட்டி, மூடி, ஓடவுட்டு காட்றேன். முடியலன்னு வெய்யி, சாவிய நானே உன் கைல குடுக்கறேன்."

"அக்கா, பந்தயமா கட்டச் சொன்னேன்?"

"பந்தயம்தான். போ."

அவன் பைக் சத்தம் அடங்கினதும் என் கையைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கவே முந்தானையைச் சுற்றிக்கொள்கிற கை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. காஞ்சிபுரம் போன என் வீட்டுக்காரர், சாமந்தி மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கோணியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மற்றவர்கள் சாமானுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மேலே ஒரு பூவைப் போடுவார்கள். இவர் வாங்கின பூவைத் தீர்க்க வேண்டுமே! ஒவ்வொரு சாமானின் பிடியிலும் சரத்தைப் பந்தாகச் சுற்றினார். அதுவும் சந்தனம் ஈரமாக இருக்கும்போதே.

"இன்னாய்யா இது, ஸ்க்ரூ டிரைவருக்கெல்லாம் வளைகாப்பா பண்ற?"

"இருக்கட்டும்மே. நமக்கு சோறு போட்றது அதுங்கதான?"

அன்றைக்கு எதையும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி. பொட்டை அழிக்காமல், பூவை எடுக்காமல், ஒரு சாமானையாவது கையில் எடுத்து ஏதாவது ஒரு வேலை தொடங்க வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். வழக்கமாக அவர்தான் தொடங்குவார். அன்றைக்குப் பார்த்து விடியும்போதே போர் வேலைக்கு ஆள் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். சரி, பேருக்குத் தொட்டு வைப்போம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பெஞ்சில் ஒரு சின்ன மோட்டார் இருந்தது. அதன் விசிறி மூடியிலுள்ள ஸ்க்ரூவில் வைத்து லேசாகத் திருப்பினேன்.

திரும்பியது.

ஏற்கெனவே லூஸாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்ததில் வைத்தேன். அதுவும் திரும்பியது! பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு வெறும் பிடியால் மூன்றாவதைத் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு போனது, கட்டை விரல் மூட்டில் வலி பிடுங்கியது. இன்னொரு சாமானிலிருந்து சரத்தை உருவி மறுபடி சுற்றினேன். வைத்தேன். திரும்பியது பாருங்கள்! நான் போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் கையில் கட்டையோடு ஓடிவந்தார்.

"இன்னாமா, ஷாக் அட்ச்சிச்சா?"

"அட்ச்சிச்சிதான்! பூ சுத்தினா திரும்புதுய்யா!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டையைக் கீழே வைக்கவில்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சன்னமான பிடியை இறுக்க விரல்கள் முழுசாக மடங்க வேண்டும். என் விரல்கள் பாதிதான் மடங்கும். பிடி பருமனாக இருந்தால் அந்தப் பாதியே போதும். திருப்பவும் அவ்வளவு பலம் வேண்டாம். இவ்வளவுதான்! இதற்கா நான் குடம் குடமாக அழுதேன்? சந்தனமும் பூவும் ஒட்டின கையால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான். பூ வாடிவிடும், அதனால் துணி சுற்றினேன். துணி எண்ணெய் குடித்து வழுக்கியது. கயிறு சுற்றினேன், உள்ளங்கையைக் கீறியது. சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்து மாட்டினேன், அது நன்றாகவே உட்கார்ந்தது. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் வைத்து அடைப்போமே, அந்த எம்-சீலைப் பிசைந்து ஒரு பிடியின் மேல் அப்பி, காய்வதற்குள் என் கோணல் கையால் பிடித்தேன். காய்ந்ததும் என் விரல்கள் படிகிற பள்ளம் அப்படியே நின்றது. அதை என் வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, "எனுக்கு ஒக்கார மாட்டேங்குதே" என்றார். "உனுக்கு எதுக்கு ஒக்காரணும்?" என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா, அதைச் சொல்லும்போது!

கட்டிங் பிளேயர் தானாகத் திறந்துகொள்ள நடுவில் ஒரு ஸ்பிரிங் வைத்தேன். பெரிய கட்டரின் ஒரு கைப்பிடியைப் பெஞ்சோடு சேர்த்து முடுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுத்து, மற்றதில் நீளமாக ஒரு குழாயை மாட்டினேன். விரலால் அமுக்காமல் முழங்கையை வைத்துச் சாய்ந்தால் கம்பி துண்டாகும். விரலில் பலம் போனால் போகட்டும், உடம்பில் எடை இருக்கிறதே, அது எத்தனை வருஷத்துச் சாப்பாடு! காயில் சுற்றுகிற மெஷினின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, வீட்டில் சும்மா கிடந்த தையல் மெஷினின் மிதிகட்டையைப் பொருத்தினோம். காலால் மிதித்தால் போதும், கம்பி சுற்றிக்கொள்ளும்.

மோட்டாரை நகர்த்துவதுதான் பேஜார். கேஸ் சிலிண்டர் வைக்கிற உருளை ஸ்டாண்டைக் கொண்டுவந்து அதன் மேல் ஒரு மோட்டாரை இறக்கச் சொன்னேன். "தாங்காதும்மே" என்றார் வீட்டுக்காரர். "தாங்கும், வெய்யி" என்றேன். வைத்தார். நாலு சக்கரமும் நாலு திசையில் தெறித்தன, மோட்டார் அவர் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இறங்கியது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வைக்கு வேறு யாராக இருந்தாலும் அடங்கியிருப்பார்கள். நான் குப்பைப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். தேய்ந்துபோன பேரிங்குக்கு எங்கள் கடையில் பஞ்சமா? தடித்த பலகையின் கீழே பழைய பேரிங்குகளைச் சக்கரமாக மாட்டினோம். எவ்வளவு கனமான மோட்டாரும் காலால் தள்ளினால் தரையில் உருண்டு வந்தது.

ஆனால் இதெல்லாம் சின்ன மோட்டாரில், அவர் பக்கத்தில் நிற்கும்போது நடந்தது. பந்தயம் அப்படியே இருந்தது. மார்கழி பிறந்ததும் தம்பி வந்தான், கையில் அளவு டேப்போடு. கண்ணாடி அலமாரிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டுமாம். கடைச் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டான். அந்த நேரத்தில் மானாம்பதி விவசாயி ஒருவர் மினி லாரியில் வந்து இறங்கினார்.

"யம்மா, அஞ்சு ஹெச்பிமா. நாத்து காயுது. எப்ப குடுப்ப?"

டிரைவரும் அவருமாக இறக்கிப் பலகையில் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஸ்பேனரை எடுத்தார்.

"கீய வெய்யி. போய் டீக்கடைல குந்து. தம்பி, நீயும் அளந்தது போதும். நின்னு பாரு."

பெஞ்சின் மேல் பிள்ளையார் படத்துக்கு முன்னால் கடைச் சாவியை வைத்தேன். முடியவில்லை என்றால் அவனே எடுத்துக்கொள்ளட்டும்.

விசிறி மூடி வந்தது. குழாய் மாட்டின ஸ்பேனரை வைத்துச் சாய்ந்தால் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு இளகின. பேரிங் மட்டும் வரமாட்டேன் என்றது. வருஷக்கணக்கில் தண்ணீர் பட்டுத் துருப்பிடித்து, தண்டோடு ஒட்டிப்போயிருந்தது. பலகை உருளாமல் முட்டுக்கொடுத்து, பேரிங்கைக் கவ்வி இழுக்கிற மூன்று கால் புல்லரை மாட்டி, நடு போல்ட்டில் நீளக் குழாயை வைத்து நெஞ்சால் தள்ளினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். மறுபடி தள்ளினேன். அசையவில்லை. விவசாயி கடிகாரத்தைப் பார்த்தார். தம்பியின் கை தானாக நீண்டது.

"உடு அக்கா, நா ஒரு இயுப்பு இயுக்கறேன்."

"கைய வெச்ச, ஒடிச்சிடுவேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வலியில் இல்லை, பயத்தில். இந்தத் துருப்பிடித்த வளையத்துக்காகவா நான் டிவி முன்னால் போய் உட்கார வேண்டும்? இதைவிட நீளமான குழாய் என்று ஒன்று இருந்தது, போர் வேலைக்கு வீட்டுக்காரர் வைத்திருப்பது. அதைக் காலால் உருட்டிக்கொண்டுவந்து, முனையை உள்ளே சொருகினேன். இந்தத் தடவை தள்ளவில்லை. குழாயின் கோடியில் போய், ஊஞ்சலில் உட்காருகிற மாதிரி, மொத்த எடையையும் வைத்து உட்கார்ந்தேன்.

டங்கென்று ஒரு சத்தம். பேரிங் நகர்ந்தது, நான் தரையில் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே கத்தினேன்: "வந்துட்ச்சிடா!" டீக்கடையிலிருந்து என் வீட்டுக்காரர் விசில் அடித்தார். இந்த வயதில் விசில்!

மிச்சமெல்லாம் எனக்குப் பழகின வேலை. எரிந்த காயிலில் கொக்கி போட்டு, கயிற்றை இடுப்பில் சுற்றிப் பின்னால் நடந்து நடந்து உருவினேன். மிதித்து மிதித்துப் புதுசு சுற்றினேன். வார்னிஷ் காய வெயில் நன்றாக ஒத்துழைத்தது. மூடி எல்லாவற்றையும் முடுக்கி, கரண்ட் லைன் கொடுத்த அன்றைக்குத் தம்பி வாலாஜாபாத்திலிருந்து மறுபடி வந்திருந்தான். சுவிட்சைப் போட்டேன். ஒரே சீராக ரீங்காரம் கேட்டது. விவசாயி மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கட்னது நீதானம்மா?" என்றார்.

"பின்ன, டீக்கடைக்காரரா?"

மோட்டாரை ஏற்றிக்கொண்டு வண்டி போனதும் நான் பெஞ்சின் முன்னால் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தேன். தோள் இரண்டும் கழன்றுவிடும் போல் இருந்தது. தம்பி சாவியின் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்தான்.

"இன்னும் இன்னாடா அளக்கற?"

"எயுந்துக்காத, அப்டியே குந்திக்கினு இரு." தரையில் மண்டியிட்டு, டேப்பைத் தரையிலிருந்து என் முழங்கை வரைக்கும் இழுத்தான். "பெஞ்சு ஒசரமா கீதுக்கா. நீ தோள தூக்கிக்கினு வேல செய்ற, பாத்துக்கினேதான் இருந்தேன். அலமாரிக்கு சொன்ன ஆசாரிகிட்ட இத எறக்கித் தரச் சொல்றேன்."

அவன் தலையில் கை வைக்க வேண்டும்போல் இருந்தது.

"டேப் வளையுதுடா," என்று அதட்டினேன். "ஒயுங்கா நேரா புடி."