லாரி ரேடியேட்டரில் இறங்கிய சாச்சா

திராட்சை விளையும் ககேத்தி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு திராட்சைச் சக்கை புளித்துக்கொண்டிருந்த வாரத்தில், லமாராவின் செம்புச் சுருள் விரிசல் கண்டது. கொதிகலத்தின் ஆவியைக் குளிரவைத்துச் சாச்சா என்னும் திராட்சைச் சாராயமாக இறக்கித் தருவது அந்தச் சுருள்தான். ரொட்டி சுட்டு விற்கும் விதவை அவள். சந்தையில் புதுச் சுருளின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பி வந்தாள்.

கொழுந்தன் அன்சோர் லாரி மெக்கானிக். விஷயம் தெரிந்ததும் வந்து நின்றான்.

"செம்பு எதுக்கு அண்ணி? பழைய ரேடியேட்டர் ஒண்ணு கழுவி வச்சிருக்கேன். ஆவி உள்ள போன வேகத்துல குளுந்து கொட்டும்."

"வண்டியில கெடந்ததுலயா குடிக்கிறத இறக்குறது?"

"நான் வருஷக்கணக்கா அப்படித்தான் காய்ச்சுறேன். எனக்குக் கொம்பா மொளச்சிருக்கு?"

அவள் சிரித்து, ஒத்துக்கொண்டாள். கண்ணாடிபோல் தெளிந்து இறங்கிய சரக்கைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது. அக்கம்பக்கத்துக்கும் புட்டி புட்டியாகக் கொடுத்தாள்.

லமாராவின் பேரனின் ஞானஸ்நான விருந்தில் வாழ்த்துச் சொல்ல அன்சோர் எழுந்தான். கோப்பையை உயர்த்தினான். முழங்கை மேலே போயிற்று. மணிக்கட்டு மட்டும் செத்த கோழியின் கழுத்துபோல் தொங்கியது. கோப்பை மேசையில் விழுந்து உடைந்தது.

"முதல் வாழ்த்துக்கே கவுந்துட்டியா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அன்சோர் சிரிக்கவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி நிறுத்தினான். விட்டதும் அது மறுபடி தொங்கியது.

"வலியே இல்ல அண்ணி. ஆனா கை நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது."

லமாரா அன்றே அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு ஓரத்தில் மை தீட்டியதுபோல் கருநீலக் கோடு.

"வயித்து வலி உண்டா?"

"ரொம்ப நாளா. சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சேன்."

"சாச்சா எதுல இறக்குறீங்க?"

அன்சோர் சொன்னான்.

"பழைய ரேடியேட்டரோட மூட்டெல்லாம் காரீயம் கலந்து பத்த வச்சதுதான். சாராயம் அந்தக் காரீயத்தக் கரச்சு எடுத்துட்டு வரும். இத்தன வருஷமா நீங்க குடிச்சது அந்த விஷத்தத்தான். அது கை நரம்பையும் பாதிச்சிருக்கு."

லமாரா கொடுத்த புட்டிகள் ஒவ்வொன்றும், வாங்கிய கைகளோடு, கண்முன் வந்து நின்றன. அன்சோர் தன் கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க இறக்கினத யாரெல்லாம் குடிச்சாங்க அண்ணி?" என்றுதான் கேட்டான்.

லமாரா அங்கிருந்து நேரே போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். "குடிக்காதீங்க, விஷம்" என்று சொல்லிப் புட்டிகளைக் கேட்டு வாங்கினாள். திரும்பி வந்த புட்டிகளைச் சுகாதார நிலையத்தில் ஒப்படைத்தாள். குடித்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. கொஞ்சமாகக் குடித்ததால் அவர்கள் தப்பினார்கள். ஆனால் விசாரிக்க விசாரிக்க, ஊரில் இன்னும் பல கொட்டகைகளிலிருந்து ரேடியேட்டர்கள் வெளியே வந்தன.

லமாரா செம்புச் சுருளே வாங்கினாள். மூட்டுகளை எதைக்கொண்டு பற்றவைத்தார்கள் என்று கடைக்காரரைக் குடைந்தெடுத்த பிறகுதான் வாங்கினாள்.

அன்சோருக்கு மாதக்கணக்கில் மருந்து ஏறியது. கை பாதிதான் நிமிர்ந்தது. சட்டைப் பொத்தானை இன்றும் அவன் மனைவிதான் போட்டுவிடுகிறாள்.