இரவலை நிறுத்தியவர்

சண்முகரத்தினத்துக்கு எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் திருப்தி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக இருந்தவர். மகன் எழுபதுகளில் ஒரு வங்கியில் துளையிட்ட அட்டைகளைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டும் வேலையில் சேர்ந்தார். படிப்படியாக ஏறி, கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர் மேனேஜராக வந்தார்.

அவர் வந்தபோது அங்கே ஒவ்வொரு பிரிவும் தன் இஷ்டத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தது. மருந்தகத்தில் இருப்பது பில் போடும் இடத்துக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் இருப்பது யாருக்குமே தெரியாது. முழு மருத்துவமனைக்கும் ஒரே அமைப்பு வேண்டும், எது எதோடு சேர வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று நிர்வாகம் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. மனிதர் பெரிய தாளை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரே ஒரு இடம் இடறியது. வார்டுகள் தங்களுக்குள் இரவல் வாங்கிக்கொண்டன. டிரிப் பாட்டில் தீர்ந்தால் ஒரு நர்ஸ் பக்கத்து வார்டுக்கு ஓடிப்போய் வாங்கி வருவாள், பிறகு திருப்பிக் கொடுப்பாள். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. அதனால் எந்த வார்டின் இருப்பும் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. சண்முகரத்தினம் யோசிக்கவே இல்லை, இரவலை நிறுத்தினார். ஒவ்வொரு வார்டும் ஒரு கட்டம். மருந்தகத்திலிருந்து கட்டத்துக்கு ஒரு கோடு. கட்டத்திலிருந்து கட்டத்துக்குக் கோடு இல்லை. தாளில் பார்க்க அழகாக இருந்தது.

கொஞ்ச காலத்தில் டிரிப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. மருந்தகம் எவ்வளவு வாங்கியும் போதவில்லை. கேட்டதில் பாதிதான் கொடுத்தார்கள். பாதிதான் வருகிறது என்று தெரிந்ததும் வார்டுகள் இரண்டு மடங்கு கேட்டன. ஒரு நாள் குழந்தைகள் வார்டில் வயிற்றுப்போக்கோடு வந்த பிள்ளைக்கு டிரிப் ஏற்றத் தாமதமாகிவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் விசாரணை வந்தது. எந்த வார்டு அதிகம் வாங்குகிறது என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்கள், பெண்கள் வார்டு என்றது. அங்கே போய்த் தேடினார்கள். படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் டிரிப் பெட்டிகள் இருந்தன, சில காலாவதியாகியும் போயிருந்தன.

அந்த வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் தனலெட்சுமி. தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, நர்ஸ் பயிற்சிக்குப் போய், அடுத்த மேட்ரன் இவர்தான் என்று சொல்லும் அளவுக்கு வந்தவர்.

விசாரணைக் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. தலைமை டாக்டர் லிம். சண்முகரத்தினம் எழுந்து புள்ளிவிவரங்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் இருந்த கணக்காளர் சபாபதியின் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார்:

“தோட்டத்துப் புத்தி எங்க போகும்? கெடைச்சத மூட்ட கட்டி வைக்கிறதுதான்.”

சபாபதி சிரித்தார். எதிரே இருந்த தனலெட்சுமிக்கு அது நன்றாகக் கேட்டது. அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்லும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

அது கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர்ப் பங்கீடு நடந்த வருஷம். சண்முகரத்தினத்தின் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் இருந்தது. ஒரு சாயங்காலம் மேல்மாடி மார்க்கிரட் காலி வாளியோடு வந்து நின்றாள்.

“ராஜி அக்கா, ஒரு வாளி தண்ணி கெடைக்குமா? மேல பைப்புல காத்துதான் வருது.”

“இல்லயே லா மார்க்கிரட். எங்களுக்கே பத்தல,” என்று சொல்லி அவர் மனைவி இராசேஸ்வரி கதவைச் சாத்தினார்.

சண்முகரத்தினம் குளியலறைக்குப் போனார். தொட்டி, வாளிகள், புதிதாக வாங்கிய குப்பைத் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் தளும்பியது. ஒன்றில் கொசுப்புழு நெளிந்தது.

“அத ஊத்தி விட்டுருங்க. டெங்கி வந்திரும்,” என்றார் இராசேஸ்வரி.

“ஊத்துறதுக்கு அவளுக்குக் குடுத்திருக்கலாமே, புழு வர்றதுக்கு முன்ன.”

“போன மாசம் வரைக்கும் குடுத்துக்கிட்டுதான் இருந்தேன். நாளைக்கு வருமா வராதானு தெரியாம எவ குடுப்பா? காலையில எழுந்த ஒடனே பைப்ப தொறந்து ரொப்புறது யாரு? நானா?”

ரொப்புவது சண்முகரத்தினம்தான். கீழ்வீடுகளில் எல்லாரும் பயந்து ரொப்புகிறார்கள். அதனால் மேலே காற்று வருகிறது. மேலே காற்று வருவதைப் பார்த்து இன்னும் பயந்து இன்னும் ரொப்புகிறார்கள். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தவரை யாருக்கும் இத்தனை வாளி தேவைப்படவில்லை. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு சண்முகரத்தினம் அப்படியே நின்றார். மருத்துவமனையில் அந்த நம்பிக்கையை அழித்தது யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் கம்ப்யூட்டரைக் கேட்காமல் ஒவ்வொரு வார்டாகத் தானே போய்ப் பார்த்தார். கை கழுவும் தொட்டிக்கு அடியில், பழைய போர்வைகளுக்குள், கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிக்குள் என்று எல்லா வார்டிலும் டிரிப் பதுங்கியிருந்தது. தனலெட்சுமியின் வார்டில் படுக்கைகள் அதிகம், அதனால் பாட்டிலும் அதிகம். வேறு வித்தியாசம் இல்லை. விசாரணைக்காரர்கள் மற்ற வார்டுகளில் தேடவே இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கே பண்டமாரானில் இருந்த தனலெட்சுமியின் வீட்டுக்குப் போனார். தனலெட்சுமி படுக்கையில் கிடந்த தன் அப்பாவுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

“வந்ததுதான் வந்தீங்க, அந்தப் பக்கம் பிடிங்க சார்.”

பிடித்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கமிருந்தே பேசினார்.

“தப்பு என் டிசைன்ல சிஸ்டர். இரவல நிறுத்தினது நான். எல்லா வார்டுலயும் ஒளிச்சு வச்சிருக்காங்க.”

“தெரியும் சார்.”

“கூட்டத்துல சொல்லியிருக்கலாமே.”

“என்கூட டிரெய்னிங் பண்ணவங்கள நான் காட்டிக் குடுக்கணுமா? நல்லா இழுங்க, சுருக்கம் இருந்தா முதுகு புண்ணாயிரும்.”

இழுத்தார். “அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன். அதுக்கும் மன்னிச்சிருங்க.”

“என்ன வார்த்த?”

அவரால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. தனலெட்சுமி அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அங்க அத்தன பேருக்கு முன்னால சொன்னீங்க. இங்க காது கேக்காத மனுசனுக்கு முன்னால மன்னிப்பு கேக்குறீங்க. சவுகரியமான எடம்தான். எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க சார். தமிழ்லயே.”

அடுத்த கூட்டத்துக்குத் தனலெட்சுமியையும் கூப்பிட்டிருந்தார்கள். சண்முகரத்தினம் எழுந்து ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். வார்டுகளைத் தனித்தனியாகப் பார்த்தேன், அவற்றுக்கு நடுவில் நடந்ததைப் பார்க்கவில்லை, நடுவில் இருந்ததை வெட்டியதால் ஒவ்வொரு வார்டும் பதுக்கத் தொடங்கியது, மருந்தகம் அளவைக் குறைக்கக் குறைக்கப் பதுக்கல் கூடியது என்றார். இரவலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், வாங்கும் வார்டு அதைப் பதிந்தால் போதும் என்றார்.

“அப்படியானால் தவறு யாருடையது?” என்று கேட்டார் டாக்டர் லிம்.

“என்னுடையது.”

சபாபதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “போதும் லா, உக்காருங்க.”

உட்கார்ந்திருந்தால் நேர்மையான மனிதர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். சண்முகரத்தினம் தனலெட்சுமியின் பக்கம் திரும்பினார்.

“சிஸ்டர், அன்னிக்கு உங்களத் தோட்டத்துப் புத்தினு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க.”

என்ன சொல்கிறார் என்று டாக்டர் லிம் கேட்டார். ஒன்றுமில்லை, சொந்த விஷயம் என்று சபாபதி ஆரம்பித்தார். தனலெட்சுமி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அன்றைக்குச் சொன்னதையும் இன்றைக்குச் சொன்னதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் நிலையை அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பது போன்ற குரல். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

டாக்டர் லிம் சண்முகரத்தினத்தைப் பார்த்துவிட்டுத் தன் பேனாவை மூடினார். சிஸ்டர் நாளையே வேலைக்கு வரலாம் என்றார். சண்முகரத்தினம் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரும்படி இந்த முறை யாரும் சட்டையை இழுக்கவில்லை.

வார்டுகளுக்கு நடுவே இரவல் திரும்ப வந்தது. தனலெட்சுமி பிறகு மேட்ரன் ஆனார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, இவரும் இன்னொரு தரம் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை சண்முகரத்தினம் அங்கேதான் வேலை செய்தார். நடைக்கூடத்தில் பாட்டிலோடு பக்கத்து வார்டுக்குப் போகும் நர்ஸ் யாராவது எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழி விடுவார். அவள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்.